ஒன்றரை வினாடி

மாரீஸ்வரி கண்டுபிடித்த வாயுவுக்கு வெடிக்கத் தெரியாது. அதன் பெருமை அதுதான். அவளுடைய பெருமையும் அதுதான்.

பழைய காற்றுப்பை ஒவ்வொன்றும் உண்மையில் ஒரு சின்ன வெடி. கார் மோதிய பிறகு பை உப்ப வேண்டும். ஓட்டுபவரின் முகம் ஸ்டியரிங்கில் போய் இடிப்பதற்குள் உப்பி முடிக்கவும் வேண்டும். கண் சிமிட்டும் நேரம்கூடக் கிடையாது. அவ்வளவு சீக்கிரத்தில் அவ்வளவு வாயு வேண்டுமென்றால் மருந்தைக் கொளுத்தித்தான் ஆகவேண்டும். கொளுத்தினால் சூடு வரும், சத்தம் வரும், சமயத்தில் உலோகச் சில்லும் பறந்து வரும். முகம் வெந்து, காது அடைத்துப்போய் உயிர்பிழைத்தவர்கள் உண்டு. உயிர்தான் இருக்கிறதே, முகத்துக்கு என்ன அவசரம் என்று கம்பெனிகள் இருந்துவிட்டன.

சாத்தூர்க்காரியான மாரீஸ்வரிக்கு மருந்து கொளுத்துவதைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அவளுடைய சித்தப்பா பட்டாசு ஆலையில் வெந்துபோனவர். ஆஸ்பத்திரியில் அவரை வாழை இலையில் கிடத்தியிருந்தார்கள். அந்த வாடை மூக்கை விட்டுப் போகாமல்தான் அவள் வேதியியல் படித்தாள். வெடிக்காத ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்ற வெறி அவளுக்கு. பதினோரு வருஷம் முட்டி மோதிச் செய்தும் காட்டினாள்.

உள்ளங்கை அகலத்தில் ஒரு குப்பி. அதற்குள் இரண்டு உப்புகள், நடுவில் ஒரு சவ்வு. சவ்வு கிழிந்தால் உப்புகள் கலந்து நைட்ரஜன் நுரைத்துக்கொண்டு கிளம்பும். சூடே கிடையாது, தொட்டால் சில்லென்று இருக்கும். ஒரகடம் ஆலையில் குப்பி அடைக்கும் பெண்கள் அதற்குப் ‘பஞ்சு’ என்று பெயர் வைத்தார்கள். விளம்பரக்காரர்கள் குளிர் அறையில் உட்கார்ந்து வேறு பெயர் தேடித் தேடிச் சலித்து, கடைசியில் அதையே எடுத்துக்கொண்டார்கள்.

பஞ்சுக்கு ஒரே ஒரு குறை. முழுதாக உப்ப அதற்கு ஒன்றரை வினாடி வேண்டும்.

மோதிய பிறகு ஒன்றரை வினாடி என்றால், பை வந்து சேரும்போது ஆள் போய்ச் சேர்ந்திருப்பார். ஆகவே மோதுவதற்கு முன்னாலேயே பை கிளம்பவேண்டும். அதற்கு வழி செய்தவன் ஷாகுல். காரின் நெற்றியில் கேமராவைப் பொருத்தி அவன் ஒரு கணிப்பான் செய்தான். இந்த வேகம், இந்தத் தூரம், குறுக்கே வருவது இன்ன பொருள், இனி பிரேக் போட்டாலும் நிற்காது, மோதல் உறுதி என்று அது முடிவுகட்டும். முடிவுகட்டிய அதே நொடியில் குப்பியின் சவ்வு கிழியும்.

ஐந்து வருஷத்தில் நாட்டில் பாதிக் கார்களின் முகப்பில் பஞ்சின் முத்திரையான நீல வட்டம் வந்துவிட்டது. அந்தக் கார்களுக்குள் இருந்தவர்களில் ஒருவர்கூடச் சாகவில்லை. இது விளம்பரக்காரர்கள் விட்ட கதை இல்லை, சத்தியமான கணக்கு. உள்ளே இருந்தவர்களில் ஒருவர்கூட.

*

மாரீஸ்வரி வேலைக்குப் போய்வரும் ஆபீஸ் காரிலும் நீல வட்டம் உண்டு. அதை ஓட்டியவர் தேசிங்கு. செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர், ஐம்பதை ஒட்டிய வயது, முப்பது வருஷமாக ஸ்டியரிங் பிடிப்பவர். காலையில் பெருங்களத்தூரில் அவளை ஏற்றிக்கொள்வார். ஆலை வந்து சேரும்வரை அவர் வாயும் ஓயாது, கண்ணும் சாலையை விட்டு நகராது.

“மேடம், இந்தப் பஞ்சு வந்ததுலேர்ந்து எம் பொண்டாட்டி நிம்மதியாத் தூங்குறா” என்றார் அன்றைக்கு. “முன்னெல்லாம் நைட் ட்ரிப்புன்னா முழிச்சினே இருப்பா.”

“நீங்க ஓட்டுற ஓட்டுக்கு அது தேவையே படாதுண்ணே.”

“படாமலே இருக்கட்டும் மேடம். நல்ல பொருள வாங்கி வச்சுனு தேவப்படாம இருந்தா அதவிட இன்னா வேணும்?”

படப்பை தாண்டி, சாலை அகலமாகும் இடம். தொழிற்சாலைகளில் இரவு ஷிப்ட் விட்டு ஆட்கள் போய்விட்டார்கள். ஆலை வாசலில் இட்லி விற்று முடித்த ஒரு பெண் இரும்புத் தள்ளுவண்டியை இடது ஓரத்திலிருந்து சாலைக்குள் இறக்கினாள். ஒரு கையால் வண்டியைத் தள்ளிக்கொண்டே இன்னொரு கையை உயர்த்தினாள்.

நம் ஊரில் சாலையைக் கடக்க விளக்கும் வேண்டாம், கோடும் வேண்டாம், கையை உயர்த்தினால் போதும். அதற்கு ‘நில்’ என்று அர்த்தமில்லை. நான் உன்னைப் பார்த்துவிட்டேன், நீயும் என்னைப் பார்த்துக்கொள், நான் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பேன், நீ எனக்குப் பின்னால் போய்க்கொள் என்று அர்த்தம். ஓட்டுபவர் பெரிதாக வேகத்தைக் குறைக்க மாட்டார். கடைசி நேரத்தில் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் ஒடிப்பார். கடப்பவரும் நிற்க மாட்டார். நடுவில் நின்றால்தான் ஆபத்து. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு முழம் கிடைக்கும். ஆளுக்கொரு வசவு வைதுவிட்டு மறந்துபோவார்கள். வெளியூர்க்காரன் பார்த்தால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வான். நாமெல்லாம் அந்த ஒரு முழத்தில்தான் இத்தனை காலம் உயிரோடு இருக்கிறோம்.

பின்சீட்டிலிருந்த மாரீஸ்வரி அந்தக் கையைப் பார்த்தாள். தேசிங்கின் தலை லேசாக அசைந்ததையும், ‘சரி, போ’ என்பதுபோல அவருடைய இடது கை ஸ்டியரிங்கைக் கீழே இழுக்கத் தொடங்கியதையும் பார்த்தாள். வண்டிக்குப் பின்னால் தாராளமாக இடம் இருந்தது.

அப்போது எல்லாம் வெள்ளையாகிவிட்டது.

சத்தமே இல்லை. முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் பஞ்சு வந்து அவளைப் பொத்திக்கொண்டது. கன்னத்தில் சில்லென்று இருந்தது. சூடு இல்லை, புகை இல்லை, வாடை இல்லை. ஆய்வுக்கூடத்தில் பொம்மைகள் மேல் நூறு தடவை பார்த்ததை இன்றைக்குத் தன் உடம்பில் உணர்ந்தாள். அந்தக் கணத்தில் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைத்துக் கதை சொல்வதில் பிரயோஜனம் இல்லை. தான் பெற்ற பிள்ளை முதல் மதிப்பெண் வாங்கிவந்த சந்தோஷம்.

பிறகுதான் இரும்பில் இரும்பு மோதும் சத்தமும், அதற்குள் அமுங்கிப்போன இன்னொரு சத்தமும் கேட்டன.

பையை விலக்கிக்கொண்டு இறங்கியபோது தள்ளுவண்டி கவிழ்ந்து கிடந்தது. இட்லிக் கொப்பரை சாலையில் உருண்டு கொண்டிருந்தது. தேசிங்குக்கு ஒரு கீறல் இல்லை, அவளுக்கும் இல்லை. அந்தப் பெண்ணின் பெயர் குணசுந்தரி என்பது அவளுக்குப் போலீஸ் ஸ்டேஷனில்தான் தெரிந்தது.

*

“கண்டுபிடிச்சவங்களையே பஞ்சு காப்பாத்தியிருக்கு!” என்றார் கிரிதரன். ஆலையின் தலைமை அதிகாரி. கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது. “உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே? அதான் முக்கியம்.”

“தேசிங்கு அண்ணனை அரெஸ்ட் பண்ணியிருக்காங்க சார்.”

“ஜாமீன் எடுத்துடலாம். ஆனா அவர் பண்ணினது தப்புதானே? வண்டி அறிக்கை வந்திருக்கு. கடைசி நேரத்துல ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடிச்சிருக்கார். பதட்டத்துல கட்டுப்பாட்டை விட்டிருக்கார்னு எழுதியிருக்கோம்.”

“பதட்டமா? அவரு அந்தம்மாவுக்குப் பின்னால போகத்தான் சார் திருப்புனாரு. நான் பார்த்தேன். நம்ம பை மட்டும் வராம இருந்திருந்தா தாண்டிப் போயிருப்போம்.”

கிரிதரன் சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னார். “மோதல் உறுதியானாத்தானே மாரீஸ்வரி பை வரும்? பை வந்துச்சுன்னா மோதல் உறுதின்னு அர்த்தம். உங்களுக்குத் தெரியாததா?”

தெரியாததா என்ன! அந்த வாக்கியத்தை அவளே எத்தனை மேடைகளில் சொல்லியிருக்கிறாள்.

நேரே ஷாகுலின் அறைக்குப் போனாள். அவன் டீயும் கையுமாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஷாகுல், உங்க கணிப்பான் மோதல் உறுதின்னு சொல்லி, அப்புறம் மோதாமப் போனது எத்தனை?”

“ஒண்ணுகூட இல்ல மேம். நூத்துக்கு நூறு. உலகத்துலயே எவனும் இவ்ளோ துல்லியமாப் பண்ணதில்ல.”

“பை வந்தப்புறம் டிரைவர் கை எங்க இருக்கும்?”

“பைக்கு இந்தப் பக்கம். சும்மா காத்துல.”

“கண்ணுக்கு முன்னால?”

“பை.”

“ஸ்டியரிங்?”

“கையே எட்டாதே மேம். பிரேக்க வண்டியே போட்டுக்கும், ஆனா பிரேக் போட்டா நிக்காதுங்கிறதுனாலதானே பையே...” அவன் நிறுத்தினான்.

“அப்புறம் எப்படிய்யா மோதாமப் போகும்?”

ஷாகுல் டீயைக் கீழே வைத்தான். கெட்டிக்காரப் பையன்; இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஐந்து வருஷமாகத் தன்னுடைய யந்திரம் நடக்கப்போவதைச் சொல்கிறது என்று நம்பியிருந்தான். அது சொன்னதை அதுவேதான் நடத்திவைத்துக் கொண்டிருந்தது.

“நாங்க இதுக்குச் சொல்லிக்குடுத்ததெல்லாம் வெளிநாட்டு ரோட்ல மேம்” என்றான் மெல்ல. “அங்க எவனும் கை காட்டிட்டு நடுவுல இறங்க மாட்டான். இங்க மாதிரி கடைசி செகண்ட்ல எவனும் ஒடிக்கவும் மாட்டான். அதனால அந்த ஒடிப்ப இது கணக்குலயே எடுத்துக்கல. எங்க யாருக்கும் தோணக்கூட இல்ல.”

“நீயும் இங்கதான ஓட்டுற?”

“ஓட்டறேன். பழக்கம் மேம், அத யாரு யோசிச்சு ஓட்டறா?”

*

மறுவாரம் ஒரு சோதனைக் காரில் குப்பிகளையெல்லாம் கழற்றி எடுத்தாள். சவ்வு கிழிய வேண்டிய நேரத்தில் டாஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு எரியும்படி செய்தாள். தேசிங்கின் லைசென்ஸ் போலீஸ் கையில் இருந்ததால் ஷாகுலே ஓட்டினான். பின்சீட்டில் கிரிதரனை உட்கார வைத்தாள். வேலை கிடக்கிறது என்று சிணுங்கிக்கொண்டுதான் ஏறினார்.

“நீ எப்பவும் ஓட்டுற மாதிரி ஓட்டு. விளக்கைப் பார்க்காதே.”

படப்பைக் கடைவீதியிலேயே விளக்கு எரிந்தது. தயிர்க் கேன்கள் கட்டிய மொபெட்காரர் ஒருவர் கையைக் காட்டிவிட்டுக் குறுக்கே புகுந்தார். ஷாகுல் முணுமுணுத்துக்கொண்டே அவர் பின்னால் வளைந்துபோனான். ஒரு ஷேர் ஆட்டோவுக்கு எரிந்தது. கயிறு அறுத்துக்கொண்டு வந்த மாட்டுக்கு எரிந்தது. பள்ளிக்கூட வாசலில், சைக்கிளின் பின்னால் மகளை வைத்து உருட்டிக்கொண்டு ஒரு தகப்பன் கையை உயர்த்தியபோது எரிந்தது. ஷாகுல் ஒடித்தான், அவர்கள் போனார்கள். அந்தச் சிறுமி காருக்குள் இருந்தவர்களைப் பார்த்து நாக்கைத் துருத்திக் காட்டினாள்.

“இப்ப செத்திருக்கும் சார் இந்தப் பிள்ளை” என்றாள் மாரீஸ்வரி.

கிரிதரன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். திரும்பி வரும் வழியில் விளக்கு எத்தனை தடவை எரிந்தது என்று எண்ணுவதை அவள் நிறுத்திவிட்டாள். ஒருமுறைகூட எதுவும் எதன்மீதும் மோதவில்லை.

ஆலைக்கு வந்ததும் அவர் கதவைச் சாத்தினார். “சரி, ஒத்துக்கறேன். என்ன பண்ணலாம் சொல்லுங்க.”

“பை லேட்டாக் கிளம்பணும் சார். மோதினதுக்கு அப்புறம் கிளம்பணும்.”

“அப்ப உங்க குப்பி பழைய வேகத்துல உப்பணும். உப்புமா?”

“அதுக்குக் கொளுத்தணும்.”

“கொளுத்துங்க.”

வாழை இலையில் கிடந்த சித்தப்பாவின் முகம் எதிரே வந்து நின்றது. பதினோரு வருஷ உழைப்பைக் குப்பையில் போட்டுவிட்டு மறுபடியும் மருந்தை இடித்துக் கெட்டிக்க வேண்டும். காருக்குள் இருக்கும் யாரோ ஒருவர் முகம் வேகும். அதற்கு அவளுக்கு மனம் வரவில்லை. கொளுத்துகிறேன் என்று அவள் சொல்லவில்லை, அவ்வளவுதான் நடந்தது. கிரிதரனும் அதை எதிர்பார்த்ததுபோலத் தலையை ஆட்டிக்கொண்டார்.

“உள்ள உக்காந்திருக்கவன்தான் மாரீஸ்வரி கார் வாங்கறான். அவன் மூஞ்சி வெந்தா நாளைக்கே கடையச் சாத்தணும். வேற வழி யோசிப்போம்.”

வெளியே வராந்தாவில் ஷாகுல் காத்திருந்தான். “என்ன சொன்னார்?” என்றான். அவள் சொன்னாள்.

“உள்ள இருக்கவங்களுக்கு நீங்க ஒன்றரை வினாடி குடுத்தீங்க மேம். அது வானத்துலேர்ந்து வரல. ரோட்ல நடக்குறவன்கிட்டேர்ந்து நான் எடுத்துக் குடுத்தது.”

*

ஒரு மாதம் கழித்துக் கிரிதரன் தானாகவே அவளைக் கூப்பிட்டார். முகத்தில் தெளிச்சி இருந்தது.

“நல்ல சேதி. தேசிங்குக்குக் கம்பெனியே வக்கீல் வைக்குது. பழைய அறிக்கையையும் வாபஸ் வாங்கிட்டோம். பதட்டம், கட்டுப்பாட்டை விட்டார்ங்கிறதெல்லாம் இல்ல. நீங்க கோர்ட்டுக்கு வந்து பார்த்ததைப் பார்த்தபடி சொல்லணும்.”

“எல்லாத்தையுமா சார்? கை காட்டினது, அவரு திருப்புனது, எல்லாமா?”

“எல்லாத்தையும். குறிப்பா கை காட்டினதை.”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனிதரைப் போய்த் தப்பாக நினைத்தோமே என்றிருந்தது. சாயங்காலமே தேசிங்குக்குப் போன் செய்தாள்.

“நான் சாட்சி சொல்லுறேண்ணே. உங்க மேல தப்பில்லைன்னு எல்லாருக்கும் தெரியும் பாருங்க.”

“மேடம், பெரிய பொண்ணுக்கு நிச்சயம் பண்ணியிருந்தோம். ஜெயிலுக்குப் போற அப்பன்னு அவங்க தயங்கினு இருக்காங்க. நீங்கதான் மேடம் காப்பாத்தணும்.”

கோர்ட்டில் கூட்டமில்லை. மூலையில் கலைந்த தலையும் கசங்கிய சட்டையுமாக ஒருவர் நின்றுகொண்டிருந்தார். குணசுந்தரியின் கணவர் ஏழுமலை என்றார்கள். மாரீஸ்வரி கூண்டில் ஏறினாள். கம்பெனி வக்கீல் மிக மரியாதையாகக் கேட்டார்.

“இறந்தவர் கையை உயர்த்தினாரா?”

“உயர்த்தினாங்க.”

“எதைப் பார்த்து?”

“எங்க காரைப் பார்த்து.”

“ஆக, கார் வருவது அவருக்கு நன்றாகத் தெரியும்.”

“தெரியும்.”

“காரின் முகப்பில் நீல வட்டம் இருந்தது. அதுவும் அவர் கண்ணில் பட்டிருக்கும்.”

“பட்டிருக்கும்.”

“தெரிந்தும் இறங்கினார். தெரிந்தும் நிற்கவில்லை.”

“அப்படி இல்ல சார். கை காட்டினா என்ன அர்த்தம்னா, நான் போறேன், நீங்க பின்னால போங்கன்னு...”

“எந்தச் சட்டத்தில் அம்மா அந்த அர்த்தம் எழுதியிருக்கிறது?”

யாரோ சிரித்தார்கள். நீதிபதிகூட லேசாகச் சிரித்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

“எல்லாருக்கும் தெரியும் சார்! ரோட்ல போற எல்லாருக்கும் தெரியும். எங்க பைதான் முன்னாடியே வந்து அவரு கையத் தடுத்துருச்சு. பை வராம இருந்திருந்தா...”

“பை எப்போது வரும் என்று நீங்களே ஒரு கருத்தரங்கில் சொல்லியிருக்கிறீர்கள். மோதல் உறுதியான பிறகு மட்டுமே. உங்கள் சொற்கள்தானே?”

“என் சொற்கள்தான். ஆனா அது தப்பு. நான் சோதிச்சுப் பார்த்தேன். குப்பியக் கழட்டிட்டு ஓட்டினோம்...”

“குப்பி கழற்றப்பட்ட கார் இந்த வழக்கில் சம்பந்தப்பட்டதல்ல, கனம் நீதிபதி அவர்களே. எனக்கு வேறு கேள்விகள் இல்லை.”

அரசு வக்கீல் எழுந்து ஏதோ கேட்டுவிட்டு உட்கார்ந்தார். அவருக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமாகிக் கொண்டிருந்தது.

தீர்ப்பு வந்தபோது தேசிங்கு விடுதலை. யந்திரத்தின் மீது குற்றமில்லை. வாகனம் வருவதை நன்கு அறிந்தும் கையை உயர்த்தியபடி சாலையில் இறங்கிய குணசுந்தரியின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம். ஆகவே அவருடைய குடும்பத்துக்கு இழப்பீடு கோர வழியில்லை. கடைசியில் ஓர் அறிவுரையும் இருந்தது. இத்தகைய கார்களில் ஓட்டுநர் கடைசி நேரத்தில் ஸ்டியரிங்கைத் திருப்புவது வீண் சந்தேகங்களுக்கு இடமளிக்கிறது. திருப்பாமல் யந்திரத்தின் முடிவுக்கு விட்டுவிடுவதே பொறுப்பான நடத்தை.

கிரிதரன் யோசித்துவைத்த ‘வேற வழி’ இதுதான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. சோதனைக் காரின் விளக்கை அவருக்குக் காட்டியது அவள்தான். கை காட்டுவதைப் பற்றி அவருக்கு விளக்கிச் சொன்னதும் அவள்தான். தன்மீதே காறித் துப்பிக்கொள்ளலாம்போல இருந்தது.

வாசலில் ஏழுமலை வழிமறித்தார். கோபமாக இருப்பார் என்று பயந்தாள். அவரோ பஸ் எப்போது வரும் என்று விசாரிப்பவரைப்போலக் கேட்டார்.

“ஏம்மா, நீங்கதான் வண்டிக்குள்ள இருந்தவங்களா?”

“ஆமாங்க.”

“எங்க வூட்டுக்காரி கை காட்டுச்சா?”

“காட்டுனாங்க.”

“அந்த டிரைவரு ஒடிச்சாரா?”

“ஒடிச்சாரு. நான் பார்த்தேன்.”

ஏழுமலை யோசித்தார். “ரெண்டு பேருமே சரியாத்தானம்மா பண்ணியிருக்காங்க” என்றார். “அப்புறம் ஏன் செத்துப்போச்சு?”

என்னால்தான் என்று சொல்லியிருக்கலாம். கிரிதரனின் கார் வந்து நின்றது. அவள் ஏறிக்கொண்டாள்.

*

அதற்குப் பிறகு காரியங்கள் மளமளவென்று நடந்தன. சாலைகளில் பலகைகள் முளைத்தன: ‘கை காட்டாதீர், காத்திருங்கள்.’ கீழே சின்னதாக நீல வட்டம். கை காட்டிக்கொண்டு குறுக்கே போனால் அபராதம் என்று விதி வந்தது. பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். மாரீஸ்வரிக்குத் தில்லியில் ஒரு விருது. வேலையை விட்டுவிடுவதாக அவள் இரண்டு தடவை எழுதிக் கொடுத்தாள். போகிற இடத்தில் கொளுத்தத்தான் சொல்வார்கள் என்று கிரிதரன் சொன்னார், அவள் இரண்டு தடவையும் திரும்ப வாங்கிக்கொண்டாள். அவளைத் திட்டுவதற்கு எனக்கும் வார்த்தை கிடைக்கவில்லை. அவள் மருந்துக்குப் பயந்தவள்.

தேசிங்கு மறுபடியும் வேலையில் சேர்ந்தார். முதல் நாள் காலையில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டார். அதே கார்தான், முகப்பைத் தட்டிச் சரிசெய்து புதுக் குப்பி போட்டிருந்தார்கள். மகளுடைய கல்யாணம் தை மாதத்தில் என்றார். மண்டபத்தைப் பற்றியும், மாப்பிள்ளை வீட்டாரின் பிகுவைப் பற்றியும் வழி நெடுகப் பேசினார். அவளுக்கும் மனசு கொஞ்சம் லேசானது. ஒருவரையாவது காப்பாற்றினோம் என்று நினைத்துக்கொண்டாள்.

படப்பை தாண்டியதும் ஒருவர் சைக்கிளின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் குடங்களைக் கோத்துக் கட்டிக்கொண்டு, இடது ஓரத்திலிருந்து உருட்டியபடி சாலையில் இறங்கினார். பழக்கதோஷத்தில் கை உயர்ந்துவிட்டது.

பின்னால் வேண்டிய மட்டும் இடம் இருந்தது. மாரீஸ்வரி தேசிங்கைப் பார்த்தாள். அவருடைய இரண்டு கைகளும் ஸ்டியரிங்கிலிருந்து இறங்கித் தொடைமேல் போய் உட்கார்ந்தன.

“அண்ணே! திருப்புங்க! திருப்புங்கண்ணே!”

அவர் திருப்பவில்லை. குடக்காரர் அப்போதுதான் நீல வட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். கணிப்பான் முடிவுகட்டிப் பை கிளம்புவதற்குள், சைக்கிளை அப்படியே போட்டுவிட்டுப் பின்பக்கம் பாய்ந்தார். மண்ணில் குப்புற விழுந்தார். சைக்கிள் ஓரத்திலேயே சாய்ந்தது. குடங்கள் அறுந்து சாலையெங்கும் உருண்டன. ஒன்று டயருக்கடியில் நொறுங்கியது. கார் அசங்காமல் போய்க்கொண்டே இருந்தது. தேசிங்கு கைகளை மறுபடியும் ஸ்டியரிங்மேல் வைத்தார்.

மாரீஸ்வரி திரும்பிப் பார்த்தாள். அந்த ஆள் எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தார். வையக்கூட இல்லை.

“ஏண்ணே திருப்பல? அவ்வளவு இடம் இருந்துச்சே!”

“இருந்துச்சு மேடம். நானும் பாத்தேன்.”

“பார்த்துமா?”

“திருப்பினா கேஸு எம்மேல வரும். திருப்பாம உட்டா அந்தாளு மேலதான். ஜட்ஜையாவே தீர்ப்புல சொல்லிட்டாரே.” கண்ணாடியில் அவளைப் பார்த்தார். “நீங்க அன்னைக்கு வந்து சொல்லாம இருந்திருந்தா எனக்கு இது தெரிஞ்சே இருக்காது. வூட்ல தெனமும் உங்களப் பத்திதான் மேடம் பேச்சு. கல்யாணத்துக்கு நீங்கதான் முன்னால நின்னு நடத்தணும்.”

அவர் குரலில் கிண்டல் இல்லை. மனசாரத்தான் சொன்னார்.